வடகோடிக் குளிருக்கு நாயைக் கூட்டிப் போவதா, சென்னையிலேயே விட்டுப் போவதா?

ஃபின்லாந்திலோ ஸ்வீடனிலோ வேலை கிடைத்துவிட்டது, விசாவும் கைக்கு வந்துவிட்டது, வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, அதை என்ன செய்வது? கடந்த ஆறு மாதத்தில் ஏழெட்டுப் பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். போன வாரம் கேட்டவர் பெரம்பூர்க்காரர், அவருடைய நாய்க்குப் பதினொரு வயது, கேட்கும்போதே குரல் உடைந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நானும் கணவரும் வடக்கு ஃபின்லாந்தில் ஓலு நகரத்தில் மூன்று குளிர்காலம் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினோம். மணியும் எங்களோடு இருந்தான். நங்கநல்லூரில் எங்கள் தெருவில், ஒரு மழைநாளில் காருக்கு அடியிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். 19 கிலோ, உடம்போடு ஒட்டின குட்டை முடி. என் தம்பியும் ஃபின்லாந்தில்தான் இருக்கிறான், அவனுடைய லாப்ரடார் சீசரை அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். எங்களோடு வேலை பார்த்த தாம்பரத்துப் பெண் தான் முதலில் போய், நாயை அடுத்த வருஷம் அழைத்துக்கொண்டாள். ஆக மூன்று வழியையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், மைனஸ் 20-இல் நம் ஊர் நாய் தாங்குமா என்று. வீட்டுக்குள் நாய்க்குக் குளிரே தெரியாது. சுவர் தடிமன், ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, உள்ளே எந்நேரமும் 21, 22 டிகிரி. வெளியே போகிற நேரத்துக்குக் கோட்டு இருக்கிறது, காலுக்கு ஷூ இருக்கிறது. கடையில் வாங்கித் தீர்க்க முடியாதவை இருட்டும் நேரமும்தான்.

டிசம்பர் கடைசியில் ஓலுவில் சூரியன் காலை பத்தரைக்கு எட்டிப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும். இன்னும் வடக்கே நார்வேயின் டிராம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் தலையே காட்டாது. நீங்கள் எட்டு மணி ஆபீஸ் போய் நாலு மணிக்கு வருகிறவர் என்றால், வார நாட்களில் நாயோடு நடக்கிற ஒவ்வொரு நடையும் இருட்டில்தான். இங்கே கேட்டைத் திறந்துவிடலாம், மொட்டை மாடிக்கு அனுப்பலாம். அங்கே அடுக்குமாடி வீட்டில் ஒவ்வொரு தடவை ஒன்றுக்குப் போகவும் நீங்கள் உடை மாட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். உள்ளே போடுகிற கம்பளிக் காலாடை, அதன்மேல் பேண்ட், இரண்டு ஜோடி சாக்ஸ், ஜாக்கெட், குல்லா, கையுறை, பனியில் வழுக்காத பூட்ஸ், ஒளி பட்டால் மின்னுகிற பட்டை. எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். மணிக்குக் கோட்டும் ஷூவும் மாட்ட இன்னொரு ஐந்து நிமிஷம். இதை ஒரு நாளைக்கு நாலு தடவை, நவம்பரிலிருந்து மார்ச் வரை, காய்ச்சல் வந்த நாளிலும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதனால் முதல் கேள்வி, நாயை யார் நடக்கக் கூட்டிப் போவது என்பது. இரண்டாவது நாயின் வயதும் உடம்பும். மூன்றாவது எத்தனை வருஷத்துக்குப் போகிறீர்கள். நாலாவது, இங்கே விட்டால் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் முட்டியும் முதுகும் எப்படி இருக்கின்றன. பணத்தைக் கடைசியில்தான் வைப்பேன், அது சின்ன விஷயம் என்பதால் அல்ல, முதல் நாலுக்கும் பதில் தெரிந்தால் எவ்வளவு ஆகும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## கூடவே கூட்டிப் போவது

இதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை. காகித வேலைதான் நிறையப் பேரைத் தடுத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து நாய் போக வேண்டுமானால் முதலில் 15 இலக்க மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லு). சிப் போட்ட பிறகு (அதே நாளிலும் போடலாம், முன்னால் போடக்கூடாது) ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோயெதிர்ப்பு அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு மாதம் ஆகிவிடும். குட்டியாக இருந்தால், 12 வாரத்துக்கு முன் ஊசியே போட முடியாது என்பதால், ஏழு மாதம் ஆகும் வரை நகர முடியாது.

எங்களுக்கு ஒரு ஏஜென்ட், பழைய ஊசி அட்டை போதும், சிப்பை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். அதை நம்பினோம். சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது என்று தெரியவந்தபோது இரண்டு மாதம் போயிருந்தது. அதனால்தான் செப்டம்பரில் போக வேண்டிய மணி நவம்பர் கடைசியில், சரியாக இருட்டு இறங்குகிற நேரத்தில் அங்கே இறங்கினான். யார் என்ன சொன்னாலும் அந்த வரிசையை நீங்களே சரிபாருங்கள்.

கடைசி வாரத்தில், பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு அலுவலகத்தில் நாயைக் காட்டிச் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது பத்து நாளுக்குத்தான் செல்லும். ஃபின்லாந்துக்கும் நார்வேக்கும் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: நாட்டுக்குள் நுழைவதற்கு முன், 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுத்து, டாக்டர் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும், அதனால் போய்ச் சேருவதற்கு மூன்று நாள் முன்பு கொடுப்பது நல்லது. பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களைச் சரக்கறையில் ஏற்ற நிறைய விமான நிறுவனங்கள் மறுத்துவிடும், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். கூண்டைப் பயணத்தன்று முதன்முதலாகக் காட்டாதீர்கள். மணிக்கு ஒரு மாதம் முன்பே அதில்தான் சாப்பாடு.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு? முதல் மைனஸ் 24 காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாசலைத் தாண்டி நாற்பது அடி நடந்திருப்பான், நின்றான். முன்னங்கால் ஒன்றைத் தூக்கினான், அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினான், பிறகு மூன்றாவது, கடைசியில் எந்தக் காலைத் தரையில் வைப்பது என்று தெரியாமல் பனியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தான். ஷூ போடாமல் கூட்டிப் போனது என் தப்பு. 19 கிலோவைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி மாதிரி உறைந்த நடைபாதையில் திரும்பி வந்தேன். கீழ்வீட்டுப் பாட்டியம்மா ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும், மாலையில் ஒரு சின்ன டப்பாவில் மெழுகு கொண்டுவந்து, மணியின் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கில் எப்படித் தடவ வேண்டும் என்று பேசாமலே செய்து காட்டினார்.

அந்த மெழுகு பாதம் வெடிக்காமல் காக்கும், விரல்களுக்கு நடுவே பனி உருண்டை கட்டாமலும் பார்த்துக்கொள்ளும். நடைபாதையில் வழுக்காமலிருக்கச் சரளைப்பொடி தூவுவார்கள், சில சாலைகளில் உப்பும் போடுவார்கள், இரண்டுமே பாதத்தை அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவி, விரல் இடுக்கு வரை துடைக்க வேண்டும். ஷூவை இங்கேயே பழக்குங்கள். மொசைக் தரையில் தினம் ஐந்து நிமிஷம் போட்டு விட்டால் முதல் இரண்டு நாள் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நடக்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும்.

குட்டை முடி நாய்க்குப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினதுமே கோட்டு வேண்டும். மைனஸ் 15-க்குக் கீழே போனால் நடை சுருங்கிவிடும், மைனஸ் 25-இல் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போனதும் வீடுதான். காது நுனியையும் வால் நுனியையும் தினம் தொட்டுப் பாருங்கள், வெளுத்து, சில்லென்று விறைத்திருந்தால் உடனே உள்ளே போக வேண்டும், தேய்க்கக் கூடாது. குளிரில் நாய்க்கு அதிகம் சாப்பாடு போட வேண்டும் என்று யாராவது சொன்னால், அது நாள் முழுக்க வெளியே ஓடுகிற வண்டி இழுக்கும் நாய்களுக்கு. ஹீட்டர் பக்கத்தில் தூங்குகிற நம் நாய்க்கு நடை குறைகிற மாதங்களில் அளவைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும். முதல் குளிர்காலத்தில் நான் தயிர்சாதத்தைக் கூட்டிவிட்டேன், மார்ச்சில் மணியின் கோட்டுப் பட்டி எட்டவில்லை.

இருட்டு மணியை ஒன்றும் செய்யவில்லை. படுத்தியது என்னை. ஜனவரியில் எனக்குக் காலையில் எழவே மனம் வராது, நடை இருபது நிமிஷத்திலிருந்து ஏழு நிமிஷம் ஆகும், அவனுக்கு உடம்பு அலுக்காது, நான் ஆபீஸ் போனதும் சோபாக் கையைக் கடிப்பான். எங்கள் சண்டை பாதியும் அந்த மாதத்தில் இன்றைக்கு யார் முறை என்பதைப் பற்றித்தான். அப்புறம், காலை நடை கணவருக்கு, மாலை இரண்டும் எனக்கு, மதியம் யார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோமோ அவருக்கு என்று காலண்டரில் எழுதி ஒட்டினோம். அதன்பிறகுதான் வீடு அமைதியானது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். மைனஸ் 6, வெயில், புதுப்பனி. மணி காது வரைக்கும் தலையைப் பனிக்குள் விட்டு எதையோ மோப்பம் பிடித்து, வெள்ளை மூக்கோடு நிமிர்ந்து பார்ப்பான். நங்கநல்லூரில் தெரு நாய்களுக்குப் பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தவன், அங்கே நாய்ப் பூங்காவில் கயிறில்லாமல் வட்டம் வட்டமாக ஓடினான்.

மறைமுகச் செலவில் பெரியது நாய் டாக்டர். வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கட்டுகிற தொகையை நினைத்துக்கொண்டு போனால் மயக்கம் வரும், அதுவும் சனி ஞாயிறு அவசரம் என்றால் இன்னும் மேலே. வளர்ப்புப் பிராணிக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கிளம்புவதற்கு முன் உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் இங்கேயே ரத்தம் பார்த்துவிடுங்கள், நம் ஊரில் இவை சகஜம், அங்கே போய்த் தெரியவந்தால் நேரமும் பணமும் போகும். ஃபின்லாந்தில் 2023-இலிருந்து எல்லா நாய்களையும் அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், அதையும் மறக்க வேண்டாம். பயணச் செலவு, ஏஜென்ட், கூண்டு எல்லாம் சேர்ந்தால் பெரிய நாய்க்கு லட்சக் கணக்கில் போகும்.

எட்டு வயதுக்குள், மூட்டில் குறையில்லாத நாய்; இரண்டு பேராகப் போகிறீர்கள், அல்லது வீட்டிலிருந்தே பாதி வேலை; குறைந்தது மூன்று வருஷம் இருக்கப் போகிறீர்கள். இப்படி என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். தனியாக, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவர் நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நாள் முழுக்கப் பூட்டின வீட்டில் கிடக்கும், பழகுவதற்குள் திரும்பி வர வேண்டியிருக்கும், திரும்பும்போதும் பள்ளிக்கரணையில் முன்கூட்டியே அனுமதி வாங்கும் வேலை உண்டு.

## அம்மா அப்பாவிடம் விட்டுப் போவது

நாய்க்குப் பயணமே இல்லை, அதே தெரு, அதே திண்ணை, அதே தயிர்சாதம். வயதான நாய்க்கு இதைவிட நல்லது கிடையாது. வீட்டில் யார் சாப்பாடு போடுகிறார்களோ, யார் பின்னால் சமையலறை வரை போகிறதோ, அவர்தான் அதற்கு எஜமானர். நிறைய வீடுகளில் அது நீங்கள் இல்லை, அம்மா. இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வலிக்கும், ஆனால் ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே செலவு பணத்தில் தெரியாது. சீசருக்கு 34 கிலோ. ஒரு நாள் ராத்திரி சாக்கடை ஓரம் ஓடின பெருச்சாளியைப் பார்த்துப் பாய்ந்ததில் கயிறோடு அப்பா கையும் இழுபட்டு, மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் கட்டு. அப்பா தம்பியிடம் படியில் தடுக்கிவிட்டது என்றுதான் சொன்னார். எங்களுக்கு உண்மை தெரிந்தது எதிர்வீட்டு மாமி சொல்லித்தான். இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை: அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது. ஜூன் மாதம் எங்களிடம் வர அம்மா மட்டும் தனியாக விமானம் ஏறினார், அப்பா சீசரோடு வீட்டில். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து நடுராத்திரிச் சூரிய வெளிச்சத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை, கடைசி வரை நடக்கவில்லை.

தீபாவளியில் சீசர் குளியலறையை விட்டு வரமாட்டான், அந்த மூன்று நாளும் அம்மா வெளியே கால் வைக்க முடியாது. (ஃபின்லாந்தில் வெடி உண்டு, ஆனால் டிசம்பர் 31 மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ராத்திரி இரண்டோடு சரி.) கத்திரி வெயிலில் லாப்ரடாருக்கு மூச்சு வாங்கும், ஏசி ஓட வேண்டும், மின்கட்டணம் ஏறும். இந்தக் கணக்கை அவர்கள் உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

விடுவதாக முடிவு செய்தால், மாதாமாதம் நாய்க்கென்று தனியாகப் பணம் அனுப்புங்கள், காலையும் மாலையும் நடத்திக் கொண்டுபோக ஒரு பையனைச் சம்பளத்துக்குப் போடுங்கள், வருஷத்துக்கு இரண்டு வாரம் அவர்கள் ஊருக்குப் போக நம்பகமான இடத்தில் நாயைத் தங்கவைக்கும் ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட நாய், இடுப்பு வலியுள்ள நாய், சப்பை மூக்கு நாய், ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரப்போகிறவர், இவர்களுக்கெல்லாம் இந்த வழிதான்.

## முதலில் நீங்கள், அப்புறம் நாய்

தாம்பரத்துப் பெண் செய்தது இது. ஆகஸ்டில் தனியாகப் போனாள், ஒரு குளிர்காலத்தை நாய் இல்லாமல் கடந்தாள், மார்ச் கடைசியில் வந்து கூட்டிப் போனாள். மார்ச் கடைசியில் ஓலுவில் பனி இருக்கும், ஆனால் பதிமூன்று மணி நேரம் வெளிச்சமும் இருக்கும். நாய் வெயிலில் பனியைப் பார்த்துப் பழகி, கோடை முழுக்க அந்த ஊரின் வாசனையையும் மாடிப்படியையும் லிஃப்டையும் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் முதல் இருட்டைச் சந்திக்கும். மணியைப் போட்டது நேர்மாறான வரிசையில், அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. சென்னைப் பக்கத்திலும் மார்ச்தான் வசதி. ஏப்ரல், மே வெயிலில் நாயை ஏற்றிக்கொள்ள விமான நிறுவனங்கள் தயங்கும், நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிற விமானமாக இருந்தால் நல்லது.

இதில் செலவு என்றால், நீங்கள் மறுபடி வந்து போகும் டிக்கெட். நாயைத் தனியாகச் சரக்காக அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சொந்த வளர்ப்புப் பிராணியாகக் கணக்கில் வர, நீங்களோ நீங்கள் எழுதிக்கொடுத்த ஒருவரோ அதன் பயணத்துக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் பயணம் செய்திருக்க வேண்டும். ஏழெட்டு மாதம் பார்க்காமல் இருக்கிற வேதனை வேறு. தாம்பரத்து நாய் முதல் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லையாம், அவள் பழைய துப்பட்டாவை அதன் படுக்கையில் போட்டிருந்தார்கள்.

ஆனால் லாபம் பெரிது. அந்த ஒரு குளிர்காலத்தில் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஜனவரியில் தினம் காலை ஆறரைக்கு எழுந்து, நாய் இல்லாமலே, இருபது நிமிஷம் வெளியே நடந்து பாருங்கள். இரண்டு வாரம் முடிந்தால் நாயைக் கூட்டி வரலாம். மூன்றாம் நாளே விட்டுவிட்டால் அதற்கும் அர்த்தம் இருக்கிறது. நாய்க்கு எட்டு வயதுக்குள், இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், வேலை நிரந்தரமா என்று இன்னும் தெரியவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வகை.

## யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவது

வேறு வழியே இல்லாதபோது மட்டும். உங்கள் நாயை ஏற்கெனவே தெரிந்த ஒருவரிடம், ஒரு மாதம் அவர் வீட்டில் பழகவிட்டு, தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் வளர்ந்த நாய் தெருவில் ஒரு வாரம் தாங்காது. அதைச் செய்ய நினைக்கிறவர் தயவுசெய்து என்னிடம் யோசனை கேட்காதீர்கள், நாயைக் கொடுங்கள், நானே ஆள் தேடுகிறேன்.

## எதை முடிவு செய்தாலும் இந்த மாதமே

சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் செய்துவிடுங்கள், இங்கேயே விட்டுப் போவதாக இருந்தாலும். ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் உரிய தேதிக்குள் போட்டுவந்தால், அந்த ஒரு ரத்தப் பரிசோதனை நாயின் ஆயுசுக்கும் செல்லும். நாளைக்கு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நாயை அவசரமாக அழைத்துக்கொள்ள வேண்டி வந்தால் நாலு மாதம் காத்திருக்க வேண்டியிருக்காது. தம்பி இதைச் செய்யாமல்தான் போனான். மணிக்கட்டு உடைந்த அன்றைக்குச் சீசருக்குச் சிப்கூட இல்லை.

பெரம்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். பதினொரு வயது, பின்னங்கால் வலி, அவர் போவது இரண்டு வருஷத்துக்கு. அம்மாவிடம் விடுங்கள், வழுவழுப்பான தரையில் பழைய ஜமுக்காளம் விரித்து வையுங்கள், டிசம்பரில் விடுமுறை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் வந்து அதன் பக்கத்திலேயே இருங்கள் என்றேன். அங்கே இருட்டு, இங்கே மார்கழி. நாயோடு திண்ணையில் உட்கார அதைவிட நல்ல மாதம் சென்னையில் இல்லை.